கல்லுக்கு நாற்பதடி தள்ளி

1

அன்று காலை வண்டலூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஏகநாதன், அவருடைய தம்பி சக்திவேல், சக்திவேலின் மகளும் பொறியாளருமான கோகிலவாணி, மண் பரிசோதனைக்குத் துளை போடும் தீனா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

குடும்ப மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். எங்கள் அப்பா ஊராட்சிக்கு நான்கு ஏக்கர் தானம் கொடுத்ததை எழுத உட்கார்ந்தேன். வந்தது இந்தக் கதை. மலரில் இதற்கு இடமில்லை. ('நான்' என்று எழுதினால் எல்லாம் என் பக்கமே சாய்கிறது. ஆகவே இனி ஏகநாதன்.)

2

முதல் தொடக்கம்: "தானத்தில் சிறந்தது நிலதானம் என்பதை உணர்ந்த எங்கள் தந்தையார்

விட்டாயிற்று. இரண்டாவது தொடக்கம் செய்தித்தாள் மாதிரி இருந்தது. மூன்றாவது, மேஜைமேல் விரித்த வரைபடத்தில் தொடங்குகிறது. அதுவே இருக்கட்டும்.

அந்த நான்கு ஏக்கரில்தான் குப்பைக் கிடங்கு விரியப்போகிறது. அதன் அடித்தளத்தை வடிவமைப்பவள் கோகிலவாணி. இறுக்கிய களிமண், அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் ஜல்லி, ஜல்லிக்குள் ஓட்டைபோட்ட குழாய்கள். குப்பையில் ஊறும் கறுப்பு நீர்* குழாய் வழியே சரிந்து தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். நூறடிக்கு இரண்டடி சரிவு. அடிமண் அமிழ்ந்தால் சரிவு கெடும், நீர் தேங்கும், விரிப்பு கிழியும். பிறகு பக்கத்துக் காலனியின் போர்வெல்லில் அது வரும். வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

* நாற்றத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மூக்குள்ளவர்களுக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட்டேன்.

3

"தீனா அண்ணா, அஞ்சாவது துளை நான் குறிச்ச இடத்துல இல்லியே?"

"இன்னா மேடம் பண்றது? நீ குறிச்ச எடத்துல கல்லு கீது. உங்க தாத்தா பேரு போட்ட கல்லு. அதுல மிஷினை எறக்காதேன்னு சக்திவேல் அண்ணன் வந்து நின்னுகினாரு. நாப்பதடி தள்ளிப் போட்டுட்டோம்."

"அப்பா, நீங்களா?"

"ஆமாம்மா. எங்கப்பா பேர் மேல ஓட்டை போடுவாங்களா?"

"ரிப்போர்ட்ல ஏன் சொல்லலை? கல்லுக்குக் கீழ என்ன இருக்கு?"

"மண்ணுதான். பின்ன என்ன, புதையலா?"

தீனா மட்டும் சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் பாதியில் நிறுத்தினான்.

கோகிலவாணி பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க பெரியப்பா. ஆறு துளையும் நல்ல மண்ணுன்னு சொல்லுது. இன்னிக்கு நான் சைன் பண்ணணும்."

[இங்கே ஏகநாதன் குலப்பெருமை பற்றி ஒரு பக்கம் பேசினார். அடித்துவிட்டேன். அவர் அப்படியெல்லாம் பேசவில்லை.]

அவர் நினைத்தது இவ்வளவே. அந்தக் கல்லுக்குக் கீழே செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம். இருபதடி ஆழம் இருக்கும். இடித்த வீடுகளின் கல்லையும் காரையையும் கொட்டி மூடி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்பி, தானம் கொடுத்தார்கள். பத்திரத்தில் 'மேட்டு நிலம்' என்று இருக்கிறது. நகல் எழுதியவர் பத்தொன்பது வயது ஏகநாதன்.

வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வெளியே யாரும் சொன்னதில்லை. அந்தப் பழக்கம்தான் துளையை நாற்பதடி தள்ளியது.

4

இந்த ஏகநாதனிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்காதவர் ஒரு கேள்விக்குத் திறப்பாரா?

ஒரு முடிவு: "சக்தி சொல்றது சரிதான்" என்கிறார். காபி வருகிறது. அவள் கையெழுத்திடுகிறாள். மலரும் அழகாக அச்சாகிறது. எழுதிப் பார்த்தேன்; வாக்கியங்கள் நன்றாகவே அமைந்தன.

இன்னொரு முடிவில் சக்திவேல், "அப்பாவைச் சந்தியில நிக்க வெச்சிட்டியேண்ணா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். பிறகு அண்ணன் வீட்டுப் படி ஏறினாரா? கல் பிடுங்கப்பட்டதா, அங்கேயே நிற்கிறதா? அதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு தம்பி இருப்பார். அவரை வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை உங்களிடம் விடமுடியாது. கோகிலவாணி தாத்தாவை ஆபீசில் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று பொழிச்சலூர் கல்யாணத்தில் பேசிக்கொண்டார்களாம். தவறு. அவள் கேட்டாள், அவ்வளவுதான். அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, வரைபடத்தில் பள்ளத்தைச் சுற்றிக் கோடு போட்டு, 'இருபதடி' என்று எழுதியவர் ஏகநாதன்.