ஐவி டீச்சரின் புது உத்தியோகம்

ஐவி டீச்சர் ஓய்வு பெற்றதிலிருந்து அவருடைய கணவர் பவுல்சாமிக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்தவர் ஐவி. வராந்தாவில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே, அவர் போகாத வகுப்புகள்கூட அடங்கிவிடும் என்பார்கள். இப்போது அந்த வராந்தா இல்லை. சாந்தோமில் ஒரு ஃப்ளாட்டும், துறைமுகத்தில் வேலை பார்த்து அவருக்கு முன்பே ஓய்வு பெற்ற பவுல்சாமியும்தான் மிச்சம். நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த கவனம் மொத்தமும் ஒரே ஆள்மேல் இறங்கியது. அவர் பல் தேய்க்கும் முறை தவறு என்று தெரியவந்தது. செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது ஒழுங்கீனம் என்று தெரியவந்தது. அவர் பகலில் தூங்கினால், எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார் ஐவி.

வீட்டோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை பிரசங்கத்தில் ஒரே கருத்தை இரண்டு தடவை சொன்னதை, பூசை முடிந்ததும் வாசலில் நிறுத்தி அவரிடமே எடுத்துச் சொன்னார். அடுத்த வாரம் பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. அதற்காகப் பங்கு மக்கள் ஐவிக்கு ரகசியமாக நன்றி சொன்னார்கள். ஆனால் ஃபாதர் மட்டும் பவுல்சாமியைத் தனியே அழைத்து, டீச்சருக்கு ஏதாவது வேலை ஏற்பாடு பண்ணக்கூடாதா என்று கேட்டார்.

பவுல்சாமி பனியன் வாங்க தி.நகர் போனபோது பனகல் பார்க் பக்கத்தில் ஒரு பேனரைப் பார்த்தார். மழலையர் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர் பயிற்சி. வயது வரம்பு இல்லை. அந்தக் கடைசி வரியை அவர் நின்று இன்னொரு முறை படித்தார். பனியன் வாங்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஐவி, உன் திறமை வீணாப் போகுது," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ஐவி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதை உடைச்சீங்க?"

எதையும் உடைக்கவில்லை என்று நிரூபிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதென்றால் தனக்குப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று ஐவி கேட்டார். சான்றிதழ் இல்லாமல் இப்போது எங்கும் சேர்த்துக்கொள்வதில்லையாம் என்றார் பவுல்சாமி. உண்மையில் அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பயிற்சி மையம், தி.நகரில் மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. முதல் நாள் கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கைக்கடிகாரமுமாக ஐவி உள்ளே நுழைந்ததும், அங்கிருந்த அத்தனை பெண்களும் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னார்கள். ஐவிக்கும் பழக்கதோஷம். உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, இரண்டு பேரை இடம் மாற்றி உட்கார வைத்தார். பயிற்சியாளர் ரத்னா, பனகல் பார்க் சிக்னலில் மாட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தபோது, தாமதத்துக்குக் காரணம் கேட்டது ஐவிதான். காரணத்தைச் சொல்லிவிட்ட பிறகுதான் ரத்னாவுக்கு இது யார் என்ற சந்தேகம் வந்தது. விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டு, தரையில் விரித்திருந்த பாயில் ஒரு இடத்தைக் காட்டினார்.

அன்று ரத்னா சொன்ன முதல் பாடம் ஐவிக்குப் பிடிக்கவில்லை.

"உதவி ஆசிரியர்னா வகுப்புல இன்னொரு ஜோடிக் கண்ணு, இன்னொரு ஜோடிக் கை. இன்னொரு வாய் இல்லை."

அப்படியானால் தப்பு நடக்கும்போது என்ன செய்வது என்று ஐவி கேட்டார். கவனிக்க வேண்டும் என்றார் ரத்னா. கவனித்துவிட்டு? வகுப்பாசிரியர் கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால்? சொல்ல வேண்டாம். ஐவிக்குத் தாடை வலித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ருக்சார், ராயப்பேட்டைக்காரி. பி.காம். படித்துவிட்டு, மகன் பிறந்ததால் வேலைக்குப் போகாமல் இருந்தவள். இப்போது அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். அவளிடம் எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. முதலில் உதவி ஆசிரியர், வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சிப் படிப்பு, பிறகு வகுப்பாசிரியர், பிறகு ஒருங்கிணைப்பாளர், அல்லாஹ் நாடினால் சொந்தமாக ஒரு சின்னப் பள்ளி. டீ இடைவேளையில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆன்ட்டியின் திட்டம் என்ன என்று கேட்டாள். அவள் ஏறப்போகும் ஏணியில் தான் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருப்பது ஐவிக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் எங்கேயாவது சந்திப்போம் என்று சொல்லிவைத்தார்.

படித்ததைப் பழகிப் பார்க்க வீட்டில் பவுல்சாமி இருந்தார். குழந்தையிடம் கட்டளையிடாமல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்பது ஒரு பாடம். மறுநாள் காலையில் ஐவி அவர் முன்னால் குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, இட்லியா தோசையா, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே இல்லை. இதில் சரியான விடை எது என்று தெரியாமல் பவுல்சாமி திணறி, கடைசியில் உப்புமா என்றார்.

குழந்தை தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுக்கக்கூடாது என்பது இன்னொரு பாடம். ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிப்போய் பவுல்சாமி போராடியபோது, ஐவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"முயற்சி பண்றீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் மென்மையாக.

பவுல்சாமி ஊறுகாய் இல்லாமலே சாப்பிட்டு எழுந்தார். திட்டு வாங்கினால்கூட இவ்வளவு பயமாக இருக்காது என்று ஃபாதரிடம் சொன்னாராம்.

வகுப்புகள் முடிந்து செய்முறைப் பயிற்சிக்கு ஐவியை அடையாற்றில் ஒரு மழலையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். எல்.கே.ஜி. வகுப்பு. கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனதும், குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியை பாட்டை நிறுத்திவிட்டு விறைப்பாக நின்றாள்.

"மெஹக். ஏழாவது பி," என்றார் ஐவி.

"ஆமா மிஸ்," என்றாள் மெஹக். சொல்லும்போதே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ரத்னா சொன்னபடி ஐவி வாயைத் திறக்கவே இல்லை. மூக்குத் துடைத்தார், ஷூ மாட்டிவிட்டார், கழிவறைக்கு அழைத்துப் போனார். வேலை இல்லாத நேரத்தில் வகுப்பின் பின்சுவர் ஓரமாகக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தொல்லையாகப் போயிற்று. மெஹக் பலகையில் 'அ' எழுதிவிட்டுத் திரும்பி ஐவியைப் பார்த்தாள். 'ஆ' எழுதிவிட்டும் பார்த்தாள். கதை சொல்லும்போது யானை காட்டுக்குள் போனதா ஊருக்குள் போனதா என்று மறந்து நின்றாள். ஒருநாள், தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்று தன் உதவியாளரிடமே அனுமதி கேட்டாள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இங்கே யார் பெரியவர் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். மெஹக் ஏதாவது சொன்னால், அத்தனை தலைகளும் பின்பக்கம் திரும்பி, செய்யட்டுமா என்று ஐவியைப் பார்க்கத் தொடங்கின.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு, சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பியதும் மெஹக் அவரிடம் வந்தாள். வெகுநேரம் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நாளைக்கு ரத்னா மேடம் பார்வையிட வர்றாங்க. உங்களைப் பார்க்கத்தான். ஆனா எங்க பிரின்சிபாலும் கூட வருவாங்க. நீங்க பின்னாடி நின்னா எனக்குப் பின்னக் கணக்கு ஞாபகம் வருது மிஸ். வாய் ஒட்டிக்குது."

"நான் ஒண்ணுமே பேசலையேம்மா."

"அதான் மிஸ். நீங்க அப்பவும் பேச மாட்டீங்க. பார்ப்பீங்க."

பஸ்ஸில் சாந்தோம் வரும் வழியெல்லாம் ஐவி இதையே நினைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் தன்னை மதிக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். பயந்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் பயம், பள்ளியை விட்டுப் போகும்போது சீருடையோடு கழன்றுவிடும் என்று எண்ணியிருந்தார். வீட்டில் அன்று அவர் சாதுவாக இருப்பதைப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையோ என்று பவுல்சாமி வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் ஐவி ஒரு முடிவோடு போனார். நின்றால்தானே மெஹக் கண்ணில் படுகிறோம்? குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்துவிட்டால்? எல்.கே.ஜி. பிள்ளைகளின் கைப்பிடி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கடைசி வரிசையில் போட்டு அதில் அமர்ந்துகொண்டார். இறங்குவது சுலபமாகத்தான் இருந்தது. ரத்னாவும் பிரின்சிபாலும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மெஹக்கும் ஐவியைத் தேடி, காணாமல், கொஞ்சம் நிம்மதியாகப் பாடத்தைத் தொடங்கினாள்.

பாதிப் பாடத்தில் ஹம்மாத் என்ற பையனுக்கு மூக்கு ஒழுகியது. கைக்குட்டையோடு ஐவி எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். நாற்காலி விடவில்லை. கைகளால் தள்ளிப் பார்த்தார், இன்னும் இறுகியது. ஹம்மாத்தான் முதலில் பார்த்தான். பிறகு மொத்த வகுப்பும் பார்த்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த ஆயா மீனாட்சி ஓடிவந்து, "இன்னாம்மா, மாட்டிக்கினீங்களா?" என்று நாற்காலியை ஒரு இழுப்பு இழுத்தாள். நாற்காலியோடு ஐவியும் இரண்டடி போனார்.

மெஹக் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வரும்வரை அடக்கிப் பார்த்தாள்; முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. இரண்டு முறை கை தட்டினாள். வகுப்பு அடங்கியது. பிள்ளைகளை நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக நிற்கவைத்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடிக்கச் சொன்னாள். வரிசையின் முன்னால் மீனாட்சியை நிறுத்தி, நாற்காலிக் கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஐவி மிஸ், ரெண்டு கையையும் மேல தூக்குங்க. மூச்சை வெளிய விடுங்க. பேசாதீங்க."

ஐவி கையைத் தூக்கினார். மூச்சை விட்டார். பேசவில்லை.

மெஹக் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். பிள்ளைகளும் கூடவே எண்ணினார்கள். மூன்றில் நாற்காலி டப்பென்று கழன்று வர, மீனாட்சி உட்பட வரிசை முழுவதும் மல்லாந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. இன்னொரு தடவை செய்யலாமா என்று ஹம்மாத் கேட்டான். வேண்டாம் என்றாள் மெஹக். அவன் ஐவியைத் திரும்பிப் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

ரத்னா அன்று தன் மதிப்பீட்டைச் சொல்லும்போது, வகுப்பாசிரியர் சொல்வதை உடனே கேட்டுச் செய்கிறார், பணிவு சிறப்பாக உள்ளது என்றார். ஐவியின் வாழ்க்கையில் இந்தக் குணத்துக்காக யாரும் அவரைப் பாராட்டியதில்லை. பவுல்சாமியிடம் சொன்னபோது, யாரைப் பற்றிச் சொல்கிறாய் என்று கேட்டார்.

பயிற்சி முடிந்து, அதே பள்ளியில் வேலைக்கு நேர்காணல் நடந்தது. எல்லாரையும் கேட்பதுபோல் பிரின்சிபால் ஐவியிடமும், ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். எங்களுக்குக் குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் குடும்ப இடம் இருக்கிறது, ஆனால் அவசரமில்லை என்றார் ஐவி. சிரித்து முடித்த பிறகு பிரின்சிபால் விஷயத்துக்கு வந்தார். இவ்வளவு அனுபவம் உள்ளவரை உதவியாளராக வைத்துக்கொள்ளச் சங்கடமாக இருக்கிறது. ஒருங்கிணைப்பாளராக வந்து எல்லா ஆசிரியைகளையும் மேற்பார்வை பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஐவி யோசித்தார். ஆசை இல்லாமல் இல்லை. நீளமான வராந்தா ஒன்று அங்கேயும் இருந்தது.

"வேணாங்க. நான் மேற்பார்வை பார்த்தா டீச்சருங்க எல்லாருக்கும் வாய் ஒட்டிக்கும். மெஹக் வகுப்புல பின்னாடி ஒரு இடம் கொடுங்க. நாற்காலி மட்டும் பெருசா வேணும்."

ருக்சாருக்கு ராயப்பேட்டையிலேயே ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கும் விண்ணப்பித்துவிட்டதாக போனில் சொன்னாள். கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் ஆன்ட்டியைத்தான் கேட்பேன் என்றாள். கேட்டால் சொல்வேன் என்றார் ஐவி.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் நாள் அடையாற்றுத் தெரு முழுவதும் அழுகைச் சத்தம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கதவையும் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மெஹக் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக வகுப்பின் நடுவில் நின்று பாட ஆரம்பித்தாள். ஒரு பெண் குழந்தை மட்டும் அழாமல் போய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டது. அவளுடைய அப்பா, கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையோடு, வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து, அடங்கியிருந்த பிள்ளைகளும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

"ஐவி மிஸ், அந்த அப்பாவைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றாள் மெஹக், பாட்டுக்கு நடுவிலேயே.

"சரி மிஸ்," என்றார் ஐவி.

அவரை வேப்பமரத்தடி பெஞ்சுக்கு அழைத்துப் போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் முன்னால் குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்தார். அந்த அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உங்களைப் பார்த்தால் மனதுக்குத் தைரியமாக இருக்கிறது, எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் சேர்ந்தேன் தம்பி," என்றார் ஐவி.

அவர் ஒரு கணம் ஐவியையே பார்த்தார். பிறகு உதடு பிதுங்க, மறுபடியும் அழ ஆரம்பித்தார்.