குட்டை சரியில்லை

நேரலை தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. அவள் கேமரா லென்ஸில் ஊதி, துணியால் துடைத்துவிட்டு, "இனிமே உன் வழுக்கை பளிச்சுனு தெரியும்" என்றாள். பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவன் மின்விசிறி பழுது பார்ப்பவன். ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு, வீட்டு முன்னறையில், பழைய விசிறி ஒன்றைப் பிரித்து மாட்டுவதைக் கணவனும் மனைவியுமாக நேரலையில் காட்டினார்கள். கேமரா ஒன்று, படம் இரண்டு. கணினியில் பார்ப்பவர்களுக்குப் படுத்தவாக்கில் அகலமான படம். அதில் மேசை, ஜன்னல், அவனுக்கு இடப்பக்கம் ஓரமாக அவள், எல்லாம் வரும். போனில் பார்ப்பவர்களுக்கு அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து நின்றவாக்கில் இன்னொரு படம். அதில் அவனும் விசிறியும்தான். படுத்த படத்துக்குக் குட்டை, நின்ற படத்துக்கு நெட்டை என்று பெயர் வைத்தவள் அவள். அவனையும் குட்டை என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவள் தோளுக்குத்தான் வருவான். இவ்வளவு உயரம் வளர்ந்தும் தனக்கு நெட்டையில் இடமில்லை, குட்டையோடுதான் பிழைப்பு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நெட்டைக்காரர்களுக்கு அவள் முகம் தெரியாது. பார்ப்பவர்கள் எழுதுவதை வாசித்துச் சொல்லும் குரலாகத்தான் அவளைத் தெரியும்.

அன்று அவன் மோட்டார் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். யாரோ எழுதிய கேள்வியை வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"குட்டை... சரியில்ல. கொஞ்சம் பாரு."

அவன் வலப்பக்கம் இருந்த கணினியைப் பார்த்தான். குட்டைக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரு தடங்கலும் இல்லை. "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிட்டுத் திருகாணியில் குனிந்தான். அவன் கண்ணெதிரே பெரிதாகத் திறந்திருந்தது நெட்டையின் படம்தான். கை தெரிகிறதா, விசிறி தெரிகிறதா என்று அதைப் பார்த்தே வேலை செய்து பழக்கம். குட்டையில் பார்த்தவர்கள் எல்லோரும் 'அக்காவைப் பாருங்க, அக்காவைப் பாருங்க' என்று எழுதித் தள்ளினார்கள். அதை வாசித்துச் சொல்ல வேண்டியவளே அவள்தான். கருத்துகள் வரும் திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது.

ஐந்தாவது நிமிடம் அவளுடைய தம்பி போன் செய்தான்.

"அத்தான், அக்காவைத் திரும்பிப் பாருங்க."

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஐந்து நிமிடம் முன்னால் பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். அந்தப் 'பெரிதாக' அவனை விடவில்லை. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டான். சரியில்லை என்று அவள் சொன்னது படத்தையா? இல்லை, அவனைக் கூப்பிட்டுத் தனக்கு உடம்பு சரியில்லை என்றாளா? இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே இழுப்பு. இது தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கை சும்மா இருந்தால் அந்த வாக்கியமே காதில் ஓடியது. அவள் போன மூன்றாவது மாதம் விசிறியை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு படத்தையும் மறுபடி திறந்தான்.

கருத்துத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்காலியை மட்டும் நகர்த்த மனம் வரவில்லை. குட்டைக்காரர்கள் ஆறுதல் எழுதினார்கள். கால் மணி நேரம் கழித்து, நெட்டையிலிருந்து ஒரு வரி வந்தது. 'அக்கா குரல் ஏன் இன்னைக்கு இவ்வளவு சன்னமா இருக்கு?'

விஷயம் தெரியாத யாரோ என்று விட்டுவிட்டான். அடுத்து வேறொருவர் எழுதினார். 'அண்ணா, அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, காதுல விழலையா?'

இருந்தது ஒரே மைக், அவன் சட்டையில். அவன் மூச்சை அடக்கியபோது கணினியில் ஒலிக்கோடு அசையாமல் கிடந்தது. பழைய பதிவு ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தான், இல்லை. குட்டையில் இருப்பவர்களுக்கு ஏதாவது கேட்கிறதா என்று விசாரித்தான். ஒன்றுமே இல்லை என்று இருபது பேர் எழுதினார்கள். நெட்டையில் மட்டும், ஒருவர் மாற்றி ஒருவர், அக்கா கூப்பிடுகிறார் என்றார்கள்.

திருகாணி முடுக்கியைக் கீழே வைத்தான். இடப்பக்கம் திரும்பக் கழுத்து வரவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னது என்னையா, படத்தையா?"

அவன் பேசுவது பார்ப்பவர்களைச் சேரப் பத்து வினாடி ஆகும். எண்ணிக்கொண்டிருந்தான். இருபது வரை போனான். வந்தது.

'படத்தைத்தானாம் அண்ணா. உங்களை இல்லையாம்.'

அடுத்த வரி இன்னொருவருடையது. 'சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு.'

இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு பொய்யைக்கூடச் சிரிக்காமல் சொன்னதில்லை.

அவன் இடப்பக்கம் திரும்பினான். நாற்காலியில் வெயில் விழுந்திருந்தது.

"என்னம்மா, சொல்லு" என்றான்.

வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவன் வலது காதுதான். அதற்குப் பிறகு அவள் குரலைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, அன்றும், அடுத்து வந்த ஞாயிறுகளிலும்.

கண்ணாடி போட்டுக்கொள்ளச் சோம்பல்பட்டு, கருத்துத் திரையில் எழுத்தை அவள் பெரிதாக்கி வைத்திருந்தாள். இன்னமும் அதில் ஒரு தடவைக்கு நான்கு வரிதான் தெரிகிறது.