பழைய டேப்

கஷாயம் குடிக்கத் தொடங்கிய இரண்டாவது மாதம் என் மனைவியின் வயிற்றை அளந்தபோது முப்பத்தி நாலரை அங்குலம் வந்தது. முதல் மாதம் முப்பத்தைந்து. கர்ப்பப்பையில் இருந்த நார்க்கட்டிகள் கஷாயத்துக்குக் கரைகின்றன என்று அவள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். மறுநாள் கடையைத் திறந்தபோதுதான் புரிந்தது, அவசரத்தில் நான் எடுத்தது ஓரமாய்ப் போட்டிருந்த பழைய டேப். இழுத்து இழுத்து முக்கால் அங்குலம் நீண்டுபோனது. எதை அளந்தாலும் குறைத்துத்தான் காட்டும். இருபது வருஷத் தையல்காரன் நான், உடனே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தடுத்த மாதங்களிலும் அதே டேப்பையே எடுத்தேன். அதிலும் அளவு ஏறத் தொடங்கியபோது கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

டாக்டரம்மா முதலிலேயே எல்லாம் விளக்கியிருந்தார். மாத்திரை, ஊசியால் சுருக்கிப் பார்க்கலாம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம், ஆனால் குழந்தை வேண்டுமென்றால் அதற்கு யோசிக்க வேண்டும். கட்டிகளை மட்டும் எடுக்கலாம். கட்டக்கடைசியாகத்தான் கர்ப்பப்பையையே எடுப்பது. முப்பத்தெட்டு வயதிலும் குழந்தைக்குக் காத்திருப்பவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. கத்தி வைத்தால் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து நாட்டு வைத்தியரிடம் போனோம். பாவம், அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. மூன்று மாதம் பார்ப்போம், கேட்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றுதான் சொன்னார். ஆறு மாதம் இழுத்தது நாங்கள்.

கடையில் கொக்கி, பட்டன் வைப்பது அவள் வேலை. ஒரு மத்தியானம் நூல்கண்டு எடுக்க எழுந்தவள் தலை சுற்றித் துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். மாதாமாதம் அத்தனை ரத்தம் போய் முகமே வெளுத்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, மேஜையில் கிடந்த புது டேப்பை எடுத்துத் தானே சுற்றிப் பார்த்தாள். முப்பத்தேழு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"யாரோட துணியையும் நீங்க அளவு தப்பி வெட்டினதில்லையே" என்றாள்.

"நீ அன்னைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட. அதைக் கெடுக்க மனசு வரல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்றாள்.

ரத்தம் ஏற்றி, மூன்று வாரம் உடம்பைத் தேற்றி, கட்டிகளை மட்டும் எடுக்க நாள் குறித்தார்கள். படிவத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ரத்தப்போக்கு நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையும் எடுக்கச் சம்மதம். அந்த வரியில் அவள் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள். நீ இல்லாமல் எனக்குப் பிள்ளை எதற்கு என்று சொல்ல நினைத்தேன், அவள் நீட்டிய பேனாவை வாங்கி மூடினேன்.

ஸ்ட்ரெச்சர் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் கண்ணு முழிச்சதும் நர்ஸ் சொல்ல வேணாம், நீங்க சொல்லுங்க. இருக்கா, எடுத்துட்டாங்களான்னு. உள்ளது உள்ளபடி."

சொல்கிறேன் என்றேன். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பதிலையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்று சுலபமாக வந்தது. மற்றது பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.