சிவப்பு மிக்சர்

சல்சல்லென்று சலங்கைச் சத்தமும், "ஹோய், ஹோய்!" என்று மாட்டை அதட்டும் குரலும் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றன. கம்பவுண்டர் வேதசிரோமணியின் கையிலிருந்த அளவுக் கிளாஸ் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. சேத்தூர் வெள்ளத்தாய் வந்துவிட்டாள். அதுவும் அவர் உண்மை பேசுவதென்று முடிவு கட்டியிருந்த நாளில்!

யுத்தம் தொடங்கியதிலிருந்து கப்பலில் மருந்து வருவது நின்றுபோயிருந்தது. வெள்ளத்தாய்க்கோ ஓயாத நெஞ்சுப் படபடப்பு. டாக்டர் பொன்னுராஜ் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கம்பவுண்டரைத் தனியே கூப்பிட்டார். "நெஞ்சு காளைமாட்டு நெஞ்சுவே. ஒரு கோளாறும் இல்ல. இல்லைன்னு சொன்னா வேற டாக்டரைத் தேடிப் போயிரும் அந்தம்மா. எதையாவது செவப்பாக் கலந்து குடும்."

வேதசிரோமணி கிணற்றுத் தண்ணீரில் சீனியும் சாயமும் கலந்து, நம்பிக்கைக்காகக் கொஞ்சம் கசப்பும் சேர்த்தார். அந்த வாரமே படபடப்பு அடங்கிவிட்டது. வெள்ளத்தாயின் வாய்க்குத் தண்டோராக்காரன் தோற்றான். சேத்தூரே குப்பியும் கையுமாக ராஜபாளையத்துக்குக் கிளம்பி வந்தது.

எல்லாம் நேற்று ஞாயிறு வரைதான். வேதக் கோயில் பிரசங்கத்தில் உபதேசியார் பொய்யர்களைப் பிடித்துக்கொண்டார். கூரை ஓடுகள் அதிர்ந்தன. வேதசிரோமணிக்கு வியர்த்தது. அந்தக் கம்பீரக் குரலே முந்தின வாரம் கட்டிப்போய், இதே சிவப்பு மிக்சரைக் குடித்துத் திறந்த குரல் என்பதுதான் அவரை இன்னும் வதைத்தது. சிவப்பு மிக்சருக்கு வருகிற முதல் ஆளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று நெஞ்சைத் தொட்டு நேர்ந்துகொண்டார். இன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் புறப்பட்ட டாக்டரிடம் இதை லேசாக இழுத்தும் பார்த்தார்.

"சேத்தூர்க்காரி கோவிச்சுட்டுப் போனா, அதே வண்டில நீரும் ஏறிப் போயிரும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பஸ் ஏறினார்.

இதோ அந்த வண்டி.

வெள்ளத்தாய் காலிக் குப்பியை மேசைமேல் வைத்தாள். மற்ற நாளாக இருந்தால், "மகன் சேதி உண்டா தாயி?" என்று கேட்டபடியே வேதசிரோமணி குப்பியைக் குலுக்கத் தொடங்குவார். மகன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவன். தவளைக்குப் பயந்து கண்மாய்க்கரையே மிதிக்காத பிள்ளை துப்பாக்கி தூக்கிய கதையை அவள் ஆதியிலிருந்து ஆரம்பிப்பாள். மருந்து கரைந்து, நுரைத்து, நுரை அடங்கிய பிறகும் அவர் குலுக்கிக்கொண்டே நிற்பார். கதை முடிய வேண்டுமே. வீட்டுக்குப் போனதும் அவருடைய மணிக்கட்டுக்கு மனைவி அன்னாள் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும்.

இன்று அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"தாயி, ஒரு விசயம். இந்த மிக்சர்ல மருந்து கிடையாது."

"பொறவு?"

"தண்ணி. சீனி. சாயம். அம்புட்டுத்தான்."

பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி துள்ளி எழுந்தார். "வே, அப்ப என் பச்சை மிக்சரு?"

"அதுவும் தண்ணிதான்."

தனுஷ்கோடி ஆழ்ந்து யோசித்தார். "சரி, எனக்குப் பச்சையே இருக்கட்டும். செவப்பு நமக்குச் சூடு."

வெள்ளத்தாய் கண் கொட்டாமல் கம்பவுண்டரைப் பார்த்தாள். "எந்தக் கெணத்துத் தண்ணி?"

"இந்தா, கொல்லையில இருக்கே."

"உப்புக் கெணறா?"

"இல்ல தாயி, நல்ல தண்ணிக் கெணறு."

"பொறவு எதுக்குய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு? ஊத்தும்."

வேதசிரோமணியால் நம்ப முடியவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் மிக்சரை ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி, வேளைக்கு இவ்வளவென்று வெட்டிய காகிதத்தைக் குப்பியில் ஒட்டி, கையில் திணித்தார். வண்டி நகர்ந்தது. உண்மைக்கு இத்தனை சுலபமான விலையா! கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

பாதி ஸ்தோத்திரத்தில் சலங்கைச் சத்தம் திரும்பி வந்தது.

தெருமுனை வரை போனவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். வண்டியில் அவள் பக்கத்தில் தாம் தகரப்பெட்டியோடு உட்கார்ந்து போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அன்னாளுக்கு என்ன பதில் சொல்வது? வெள்ளத்தாய் மூச்சு வாங்க உள்ளே வந்து, ஒரு வேளை மருந்து குறைந்திருந்த குப்பியை மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"இது வேண்டாம். வண்டியிலயே குடிச்சுப் பாத்தேன். நெஞ்சு அடங்கல."

"தாயி, நான்தான் சொன்னேனே, வெறும் தண்ணின்னு..."

"தண்ணிதான்யா, யாரு இல்லைன்னா? எம் மவனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம, ஒத்தைக் குலுக்குல குடுத்துட்டீரே, அது எப்பிடிய்யா நெஞ்சுல எறங்கும்?"