செவ்வந்தியின் இடம்

சித்திரையில் எங்களுக்கு ஏது வேலை? போர்க்கிணறெல்லாம் தண்ணீர் வற்றிக் காற்றைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. நான், அமிர்தம், செவ்வந்தி மூன்று பேரும் கோமுகி அணைக்குக் கிளம்பினோம். "நடவுக்குப் போறவளுக்கெல்லாம் இன்னா டூர் வேண்டிக் கெடக்கு" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு வடக்கனந்தலில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். மறுநாள் செவ்வந்தி பெங்களூர் போகிறாள். கட்டட வேலைக்கு வரச்சொல்லி அவள் புருஷன் போன் போட்டிருந்தான்.

அவளைப் போகாமல் நிறுத்த எனக்கு அந்த ஒரு பகல்தான் இருந்தது.

நடவில் எனக்கு வலது பக்கம் எப்போதும் செவ்வந்திதான். வரிசையாகக் குனிந்து, ஆளுக்கு ஓர் அகலம் பிரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து நடுவோம். யாருக்குப் பக்கத்தில் யார் என்பது எங்களுக்குள் மாறவே மாறாது.

அணையில் தண்ணீர் உள்வாங்கிக் கரையெல்லாம் சேறாகக் கிடந்தது. எதிரே கல்வராயன் மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சேற்றில் கால் பட்டதுமே அமிர்தம் ஒரு பிடி கோரையைப் பிடுங்கி, "நாத்து வந்துடுச்சி, குனிங்கடி" என்றாள். மூன்று பேரும் வரிசை கட்டிக் கோரையை நட்டோம். பின்பக்கமாகவே நகர்ந்த செவ்வந்தி தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்தது. அப்படியே அழுகையும் வந்தது.

சோறு தின்னும்போது கேட்டேவிட்டேன். "போவாதடி."

"இங்க இன்னா கீது, சொல்லு?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் சோற்றில் ஒரு பிடி அள்ளி அவளுக்கு வைத்தேன்.

அவளே என் தோளைத் தட்டினாள். "ஆடி நடவுக்கு வந்துடறேன். என் எடத்த எவளுக்கும் குடுத்துடாத."

ஆடி வந்தது. மழையும் வந்தது. "இங்க லீவு இல்லடி" என்று போன்தான் வந்தது. நல்லா இரு என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

முதல் நாள் நடவில் நான்பாட்டுக்கு நட்டுக்கொண்டு போனேன். வரப்பில் நின்ற நிலத்துக்காரர் கந்தசாமி கவுண்டர் கத்தினார். "இருசம்மா! இன்னாம்மா, நடுவுல பாத வுட்டுக்கினு போற?"

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு வலது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு வயல் வெறும் சேறாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் அமிர்தம் நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நவுந்துக்கறேன்" என்றாள்.

"நீ உன் எடத்துலயே இருடி" என்றேன்.

நாற்றை வாரிக்கொண்டு முதலிலிருந்து அந்த இடத்தை நட்டேன். மற்றவர்கள் நட்டுக்கொண்டே பின்னால் தூரமாகப் போய்விட்டார்கள். சாயங்காலம் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. மறுநாளும் என் இடத்தோடு சேர்த்து செவ்வந்தி இடத்தையும் நானே நட்டேன்.