மச்சினனும் ஒரு நிமிடக் காந்தமும்

என் மச்சினனுக்குச் சரி என்று சொல்லவே வராது. பெண் பார்த்துவிட்டு வந்து "பாப்போம்" என்றான். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், வேறொருவனோடு. லிஃப்டில் எந்த மாடி என்று கேட்டால்கூட யோசிப்பான். இப்பேர்ப்பட்டவன் தலையாட்டினால்தான் எனக்கு ஊசி என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ!

ஸ்கேன் குழாய்க்குள் மல்லாந்து கிடந்தேன். ஊசியில் வருவது பைருவேட். சர்க்கரை உடைந்து பிறப்பது, அதற்கு மகள் முறை. அதைக் கடுங்குளிரில் வைத்துக் காந்தமேற்றி, சட்டென்று கரைத்து உடம்பில் ஏற்றுவார்கள். புற்றுநோய்க் கட்டி அதை விழுங்கி லாக்டேட்டாக மாற்றினால் திரையில் பளிச்சென்று தெரியும். மருந்து தொடங்குமுன் எடுத்த படத்தில் என் கட்டி பல்பு மாதிரி எரிந்தது. அன்று மச்சினன் லீவு. இன்றும் அப்படியே எரிந்தால் மருந்து வீண், உடனே அறுவை. மங்கியிருந்தால் தப்பித்தேன்.

ஆனால் கரைத்தபின் காந்தம் ஒரு நிமிடம்தான் உருப்படியாக நிற்கும். அதற்குள் கரைசலைச் சோதித்து "போடு" என்று சொல்வதுதான் மருந்தாளுநரான மச்சினனின் வேலை.

முதல் குப்பி கரைந்தது. ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு... இருந்தாலும் இன்னொரு தடவ பாத்துருவோமே."

போச்சு. இரண்டாவதற்கும் அதே கதி. நர்ஸ் பல்லைக் கடித்தது எனக்கே கேட்டது. மிச்சம் ஒரே ஒரு குப்பி.

"சொல்லித் தொலைடா!" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து என் மனைவி கத்தினாள். அக்கா அதட்டினால் தம்பி இன்னும் உறைந்துபோவான்.

மூன்றாவது கரைந்தது. "சூடு சரி, காந்தம் சரி, புளிப்பும் சரி..." என்று இழுத்தான். வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

"மச்சான்! எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கக்கா உன் வீட்டுக்குத்தான் வருவா. பொட்டி படுக்கையோட. நிரந்தரமா!"

"போடு! போடு!"

கட்டி மங்கியிருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் மனைவி தம்பியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் வந்தா அவ்ளோ பாரமாடா உனக்கு?"

வழக்கம்போல் "பாப்போம்" என்பான் என்று நினைத்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீ எப்ப வேணா வாக்கா. அத்தான் இல்லாம மட்டும் வராத."

அவள் காதை விட்டுவிட்டாள். எனக்குத்தான் சட்டைப் பொத்தானைப் போடத் துளை கண்ணுக்குத் தெரியவில்லை.