வலியின் செருப்பு

டான்சில் ஆபரேஷன் முடிந்து நிறைமதியை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, வலியும் எங்களோடு ஆட்டோவில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை. இடமில்லாததால் என் மடியில் உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றிவிட்டார். சோபாவைக் காட்டினேன்.

“இல்ல தம்பி. நமக்குப் பாப்பா தொண்டைதான் தோது.”

போய் உட்கார்ந்தார்.

நிறைமதிக்கு நாலு வயது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் வழியவிட்டாள்.

டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தூங்கினாலும் எழுப்பி, நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும். தண்ணீர், ஐஸ்கிரீம், ஏதாவது விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். என் மனைவி எழிலரசி தலையாட்டினாள். அவள் தலையாட்டிய காரியம் நடந்துவிடும்.

மருந்து சமையலறையில் இருந்தது. கட்டில் படுக்கையறையில். நடுவில் இருந்த ஹால் நீண்டுவிட்டது. டிவி பக்கத்தில் ஒரு பஸ் நிறுத்தம் வந்திருந்தது. எழிலரசி மருந்து நிரப்பிய சிரிஞ்சோடு பஸ் ஏறினாள். கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. குழந்தையின் கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

சற்று நேரத்தில் வலி இறங்கி வந்தார். பையை எடுத்தார்.

“அப்ப நான் கிளம்பட்டுமா?”

“போயிட்டு வாங்க,” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் யாரையும் வெறுமனே ‘போங்க’ என்று அனுப்பிப் பழக்கமில்லை.

நிறைமதி நன்றாகத் தூங்கினாள். அடுத்த மருந்துக்கு நேரமாகியும் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அழைப்புமணி அடித்தது.

“வரச் சொன்னீங்களே,” என்றார் வலி. நேராகத் தொண்டைக்குப் போனார். குழந்தை அலறி எழுந்தாள்.

எழிலரசி என்னைப் பார்த்தாள். “வெத்தல பாக்கு வச்சு வேற அழைச்சிருக்கலாமே. இனிமே நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

மறுபடி பஸ் பிடித்தாள். இந்த முறை நிறைமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். எழிலரசி முதலில் கரடி பொம்மைக்குக் கொடுத்தாள். கரடி விழுங்கிவிட்டு, இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றது. நிறைமதி யோசித்தாள். வாயைத் திறந்தாள்.

வலி மறுபடி கிளம்பினார். ஆனால் வாசலிலேயே நின்றார். வழியனுப்பாமல் அவரால் நிலைப்படி தாண்ட முடியாதாம்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி.”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சுவர்க்கடிகாரம் தொண்டையைச் செருமி, தான் வேண்டுமானால் சொல்லட்டுமா என்று கேட்டது. எழிலரசி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். பிறகு நிறைமதிக்கு ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் ஊட்டினாள்.

நிறைமதி முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள்.

“போ,” என்றாள். கரகரத்த குரல்.

“போயிட்டு...” என்று வலி எடுத்துக்கொடுத்தார்.

“போ.”

அவர் படியிறங்கினார். அப்புறம்தான் வாசலைப் பார்த்தேன். செருப்பு அங்கேயே கிடந்தது. எடுக்க வருவார்.

இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடிப்படி நீண்டுகொண்டே போனது. மேலே நிறைமதி இன்னொரு ஸ்பூன் கேட்பது காதில் விழுந்தது. வெகு கீழே அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது. கூப்பிட்டால் நின்றிருப்பார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கினேன்.